சுவரில் ஓட்டை போடாதே

காயில் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள். காயில் கட்டக் கொடுத்த மோட்டாரை வாங்க வருகிறவர்கள், இன்று அக்கா எப்படி இருக்கிறாள் என்று வாசலிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே இறங்குவார்கள். வாய் அப்படி. ஆனால் அவள் கட்டிய காயில் லேசில் எரியாது. அதனால் திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாவது அவளிடமே வந்தார்கள்.

காயில் கட்டுவது என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. தண்ணீர் இறைக்கும் மோட்டார், சலவை மெஷின் மோட்டார், பட்டறை கிரைண்டர், எது எரிந்துபோனாலும் உள்ளே கருகிக் கிடக்கும் செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பியை அதே கணக்கில் சுற்றி, வார்னிஷ் ஊற்றி, பல்பு சூட்டில் காய வைத்துக் கொடுக்க வேண்டும். புகுந்த வீட்டில் கற்றுக்கொண்ட தொழில். மாமனாரின் கடையில் கல்லாவுக்குக் காவலாக உட்கார வைத்த பெண், பார்த்துப் பார்த்தே கையைப் பழக்கிக்கொண்டாள். கல்யாணம் நிலைக்கவில்லை, தொழில் நிலைத்துவிட்டது. அந்த மனுஷனைப் பற்றி யாராவது வாயைக் கிளறினால், அவனிடமிருந்து தான் எடுத்து வந்தது கம்பி சுற்றும் மெஷின் ஒன்றுதான், அதுவும் தன் காசில் வாங்கியது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

அப்படி வந்து சேர்ந்த இடம் அண்ணன் வீடு. வீட்டுக்கு அடியில், தெருவிலிருந்து சரிவாக இறங்கும் கார் ஷெட் ஒன்று இருந்தது. அண்ணன் அப்போதுதான் காரை விற்றிருந்தார். "இப்போதைக்கு அங்க வச்சு வேலையைப் பாரு பாப்பா" என்றார். தங்கச்சிக்குத் தலை நரைத்த பிறகும் அவருக்கு அவள் பாப்பாதான்.

அந்த 'இப்போதைக்கு' அதோடு நின்றதா? இப்போதைக்கு ஒரு பல்பு போதும். இப்போதைக்கு வெளியே போர்டு மாட்ட வேண்டாம். இப்போதைக்குச் சாமானைத் தரையிலேயே வை. ஒரு பலகை அடித்துக்கொள்கிறேன் என்று அவள் கேட்டபோதெல்லாம் அண்ணன் தலையை ஒரு மாதிரி ஆட்டுவார். சரி என்றும் இருக்காது, இல்லை என்றும் இருக்காது. அவளும் எத்தனை தடவைதான் கேட்பாள்? மோட்டார்கள் தரையில் வரிசை கட்டின. குனிந்து குனிந்து இடுப்பு கழன்றதுதான் மிச்சம்.

இதில் அவளுக்குப் பொறுக்கவே முடியாத விஷயம் ஒன்று உண்டு. அண்ணன் வேலை பார்த்தது ஒரு மருந்துக் கம்பெனியின் கிடங்கில், மேற்பார்வையாளராக. அங்கே ஒரு அட்டைப்பெட்டி தரையில் பட்டால் போதும், வைத்தவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். ஈரம் ஏறும், எலி கடிக்கும், எதற்கும் அதனதன் இடம் வேண்டும் என்று ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்து பாடம் நடத்துவார். எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற தங்கச்சியின் பிழைப்பு கீழே தரையில்தான் கிடக்கிறது என்பது மட்டும் அந்த மண்டையில் உறைக்காது.

அந்த வருஷ மழையில் ஒரு மத்தியானம், தெருத் தண்ணீர் மொத்தமும் சரிவில் இறங்கி ஷெட்டுக்குள் வந்தது. அன்று மாலை கொடுத்தனுப்ப வேண்டிய மோட்டார்களைத் துடைத்து வைத்திருந்தாள். ஒற்றை ஆளாக எதைத் தூக்குவாள், எதை விடுவாள்? மேஜை மேல் ஏற்றினாள், முக்காலி மேல் ஏற்றினாள். மூலையில் அண்ணியின் மரப்பெட்டி ஒன்று கிடந்தது, அதன் மேலும் ஏற்றினாள். மிச்சமெல்லாம் முங்கிவிட்டது.

அந்தப் பெட்டியைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. அவள் வருவதற்கு முன்பிருந்தே அங்கே பூட்டிக் கிடக்கிறது. திறந்து யாரும் பார்த்ததில்லை. இருக்கிற கொஞ்சம் இடத்தையும் அடைத்துக்கொண்டு, வார்னிஷ் டப்பா வைக்க மட்டும்தான் உதவியது. தண்ணீர் வடிந்ததும் அண்ணி இறங்கி வந்தாள். பாதிக்கு மேல் ஊறிப்போயிருந்த பெட்டியைப் பார்த்தாள், அதன் மேல் குந்தியிருந்த மோட்டார்களைப் பார்த்தாள். வந்த வழியே படியேறிப் போய்விட்டாள். வார்னிஷ் நாற்றம் மாடிக்கு வருகிறது என்று நாள் தவறாமல் முகத்தைச் சுளிக்கிற அண்ணியிடம் வேறு எதை எதிர்பார்ப்பது? மகாராணி இறங்கி வந்ததே பெரிது என்று நினைத்துக்கொண்டு, காயில் அக்கா தண்ணீரைத் தள்ளினாள்.

நனைந்ததையெல்லாம் பிரித்து, மறுபடியும் கம்பி சுற்ற வேண்டியதாயிற்று. செலவு கைக்காசு. சலவைக்கடைக்காரர் வந்து கத்து கத்தென்று கத்தினார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் தன் மெஷின் எல்லாவற்றையும் வேறு ஆளிடம் கொண்டுபோய்விடுவேன் என்றார். வாடிக்கையில் பாதி அவருடையது. அவர் பேசியது அத்தனையும் நியாயம் என்பதால் காயில் அக்காவால் திருப்பித் திட்ட முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு நின்றாள். அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

மறுநாளே கடையைப் பூட்டிவிட்டு ரேக் தேடிக் கிளம்பினாள். அடுத்த மழைக்குள் ஒரு மோட்டார்கூடத் தரையில் இருக்கக் கூடாது.

பெரிய சாமான் கடையில் பளபளவென்று ஒரு இரும்பு ரேக் காட்டினார்கள். எவ்வளவு கனம் வேண்டுமானாலும் தாங்கும் என்றான் விற்கிறவன். அவள் தட்டின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். தகடு டப்பென்று உள்ளே போய் மறுபடி மேலே வந்தது. அவ்வளவு தாங்கும் என்றால் நீங்கள் ஏறி நில்லுங்கள், பார்க்கலாம் என்றாள். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை, ஓரமாகத் தள்ளி நின்று அவன் ஏறட்டும் என்று காத்திருந்தாள். அவன் வேறொரு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டான்.

அடுத்து ஒரு தச்சர். பலகையில் செய்தால் மலிவாக முடியும் என்றார். ஈரத்தில் உப்பாதா என்று கேட்டாள். உப்பும்தான், அப்போது வேறு செய்துகொள்ளலாம், "இப்போதைக்கு ஓடும்கா" என்றார் பாவம், நல்ல மனுஷன். அந்த வார்த்தை இவளை என்ன செய்யும் என்று அவர் எங்கே கண்டார்? தச்சுப் பட்டறை அதிர அதிரப் பேசிவிட்டு வந்தாள்.

கடைசியில் பழைய இரும்புக் கடையில்தான் கிடைத்தது. மூடிப்போன உதிரிபாகக் கடை ஒன்றின் ரேக்குகளைப் பிரித்துக் குவித்துப் போட்டிருந்தார்கள். நெடுக ஓட்டை போட்ட ஆங்கிள் கால்கள், தடித்த தகட்டுத் தட்டுகள், மேலெல்லாம் துரு. சாவியால் சுரண்டினாள். துரு மேலோடு நின்றிருந்தது, உள்ளே இரும்பு கெட்டி. ஸ்பேனரால் ஒவ்வொரு காலையும் தட்டி, சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத் தள்ளி வைத்தாள். கடைக்காரர் பெரியவர் வெற்று உடம்போடு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். புதுசு மாதிரி இருக்கிறது என்று அவர் ஆரம்பித்ததும், புதுசு மாதிரி இருந்தால் உங்கள் கடைக்கு ஏன் வருகிறது என்று அடக்கினாள். மூலையில் போடுகிற முக்கோணத் தகடுகள் எங்கே என்று கேட்டாள். அது இல்லாமல் நிறுத்தினால் ரேக் குடிகாரன் மாதிரி ஆடும். அதெல்லாம் தொலைந்துவிட்டது என்றார். அவள் நம்பாமல் பக்கத்துக் குவியலைக் கிண்டி, ஒரு டப்பா நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

எடை போட்டார். அவள் கொண்டுவந்த பணம் போதவில்லை. ஆனால் அவருடைய கடையில் இரண்டு கிரைண்டர்கள் எரிந்துபோய்த் தூங்கிக்கொண்டிருந்தன. இரண்டையும் கட்டித் தருகிறேன் என்றாள். பெரியவர் ஒத்துக்கொண்டார். வண்டியில் ஏற்றும்போது ஒன்று சொன்னார்.

"சும்மா நிறுத்தி வச்சுராதம்மா. மேல ரெண்டு பக்கமும் சுவத்துல போல்ட் அடிச்சுப் பிடிச்சுரு. நீ வைக்கிற கனத்துக்கு, ஒரு நாள் மொத்தமா உம்மேலயே சாயும்."

வண்டி சரிவில் இறங்கியபோது, ஷெட் வாசலில் அண்ணன் டேப்பை நீட்டி அகலம் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் டேப் சட்டென்று சுருண்டுகொண்டது. என்ன அளக்கிறாய் என்று கேட்டதற்குச் சும்மாதான் என்றார். சும்மா அளக்கிறவரா அவர்? மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளைக்குக் கார் உண்டு, நீளமான கார். கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டில்தான் கொஞ்ச காலம் இருக்கப் போகிறார்கள். ஷெட்டை அந்தக் காருக்குக் கேட்கப் போகிறார்கள் என்று காயில் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. எல்லாம் அண்ணி போட்ட தூபம் என்று உடனே முடிவு கட்டிவிட்டாள்.

ஆனாலும் வேலையை நிறுத்தவில்லை. துருவைத் தேய்த்து எடுத்து, சிவப்புப் பெயின்ட் அடித்து, போல்ட் முடுக்கி, ஷெட்டின் பின்சுவரை ஒட்டி ரேக்கை நிமிர்த்தி நிறுத்தினாள். அண்ணியின் பெட்டியைக் காலால் ஒரு ஓரத்துக்குத் தள்ளினாள். டிரில் மெஷினை எடுத்துச் சுவரில் வைத்தபோது அண்ணன் இறங்கி வந்தார்.

"சுவத்துல ஓட்டை போடாதே பாப்பா."

அவள் திரும்பினாள்.

"உன் வீடுதான், யாரு இல்லைன்னா? சுவரு பழசு, அதான். இப்போதைக்குச் சாத்தி வச்சுக்கோயேன்."

மெஷினைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று அண்ணன் எதிர்பார்த்திருப்பார். அவள் கத்தவில்லை.

"உன் கிடங்குல மருந்துப் பெட்டியைத் தரையில வைப்பியா அண்ணே?"

"அது வேற, இது வேற."

"ரேக்கைச் சும்மா சாத்தி வைப்பியா?"

கிடங்கில் சுவரோடு பிடிக்காத ரேக் ஒன்றுகூட இல்லை என்று அவர்தான் ஒரு நாள் சாப்பாட்டில் பீற்றிக்கொண்டார்.

"நான் இங்க வந்தப்போ உன் பொண்ணு பொறக்கவே இல்ல. இன்னைக்கு அவளுக்குக் கல்யாணம் பேசி முடிச்சாச்சு. எனக்கு இன்னும் இப்போதைக்குதானா? உன் வீட்டு மோட்டார் எத்தனை தடவை எரிஞ்சுது, ஒரு தடவையாவது இப்போதைக்குன்னு கட்டிக் குடுத்திருக்கேனா? போகணும்னா வாயைத் திறந்து போன்னு சொல்லு. இந்த ரேக்கைக் கழட்டிட்டு நாளைக்கே போறேன். சொல்ல மாட்டேன்னா தள்ளி நில்லு."

அண்ணன் போ என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. அந்த மனுஷனுக்கு அந்த இரண்டும் வராது. தலையை அந்தப் பழைய மாதிரி ஆட்டப் பார்த்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு ஒரு அடி தள்ளி நின்றார்.

அவள் ஓட்டை போட்டாள். செங்கல் பொடி கண்ணில் விழுந்தது, மூக்கில் ஏறியது, அவள் நிறுத்தவில்லை. ஒரு பக்கம், இன்னொரு பக்கம், நடுவில் வேண்டாத ஒன்று. போல்ட்டை இறக்கி, ஸ்பேனரில் உடம்பு முழுவதையும் கொடுத்து முடுக்கினாள். ரேக்கைப் பிடித்து உலுக்கினாள். அது அசையவில்லை. கண்ணீர் வந்தது. பொடியால்தான் என்று காட்டிக்கொள்ள முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், படியடியில் அண்ணி நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

இன்று இவளையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று காயில் அக்கா வாயைத் திறந்தாள். அண்ணி அவளைப் பார்க்கவே இல்லை. நேரே போய்ப் பெட்டியின் முன்னால் குனிந்து, இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துத் திறந்தாள். ஊறி வீங்கிய மூடி கிறீச்சென்று வந்தது. உள்ளே ஒரு தையல் மெஷின். தலைப்பாகம் மட்டும். கறுப்பு மேனியில் தங்கப் பூ வேலை பாதி உரிந்திருந்தது. அடியில் துரு புதிதாகச் சிவந்திருந்தது.

"நான் இந்த வீட்டுக்கு வந்தப்போ இதோடதான் வந்தேன்" என்றாள் அண்ணி. "நாலு பேருக்குத் தைச்சுக் குடுத்துட்டிருந்தவ. சத்தம் போடுதுன்னு உங்க அண்ணன் இப்போதைக்குக் கீழ கிடக்கட்டும்னார்."

அந்தப் பெட்டியை இத்தனை வருஷமாகக் காலால் தள்ளியது காயில் அக்காவுக்கு நினைவு வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

"அந்த ரேக்குல அடித் தட்டு போதும் எனக்கு" என்றாள் அண்ணி.

"அடித் தட்டு வேணாம். தண்ணி முதல்ல அங்கதான் வரும்" என்றாள் காயில் அக்கா. குரல் முரட்டுத்தனமாகத்தான் வந்தது. "நடுவுல வைங்க. துருவை நான் எடுத்துத் தரேன்."

அண்ணன் தொண்டையைச் செருமினார். அப்போ மாப்பிள்ளை காரு என்று இழுத்தார்.

அண்ணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இப்போதைக்குத் தெருவுல நிக்கட்டும்" என்றாள். "கனமா இருக்கு. வந்து அந்தப் பக்கம் பிடிங்க."

அண்ணன் வந்து குனிந்து பிடித்தார்.