வசந்தா வயலுக்கு மேலே போன செயற்கைக்கோள்

தெருமுனைப் பேச்சாளனுக்குத் தொண்டை இருந்தால் போதும் என்பார்கள், இந்தத் தொழிலுக்கு வராதவர்கள். மைக் பிடித்து நொந்துபோன உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூலி, குத்தகை, வாய்க்கால் என்று பேசியே நரைத்த நான், இந்த மழைக்குப் பிறகு விண்வெளியும் பேச வேண்டியதாயிற்று.

முத்துப்பேட்டைக்கு மேற்கே எங்கள் ஊரில் சம்பா மூழ்கியது. அங்கே நிலம் வைத்திருக்கும் வசந்தாவும் அவர் தெருக்காரர்களும் உடனே கரையை வெட்டி, இன்ஜின் வைத்து இறைத்து, பாதிப் பயிரைக் காப்பாற்றினார்கள். மீதி அழுகியது. பிறகு எடுத்த செயற்கைக்கோள் படத்தில் தண்ணீர் இல்லையென்று அதிகாரிகள் அந்தத் தெருவுக்கே நிவாரணம் இல்லை என்றுவிட்டார்கள். தண்ணீரை வடிக்காமல் சும்மா இருந்த பக்கத்து ஊருக்குக் கிடைத்தது. கல்லூரி வாசலை மறியலுக்கு மட்டுமே மிதித்தவன் நான். செயற்கைக்கோள் பற்றிய ஓர் அறிவியல் துண்டறிக்கையைப் படித்துக்கொண்டு நியாயம் பேசக் கிளம்பினேன்.

இன்ஜின் இல்லாமல்

செயற்கைக்கோள் இன்ஜின் ஓடாமலே சுற்றுகிறது என்றேன். டீக்கடை பஷீர் பாய் முன்பு மீன்படகு ஓட்டியவர். இன்ஜினை அணைத்தால் படகு நின்றுவிடுமே என்றார். படகைத் தண்ணீர் தடுக்கிறது, அங்கே தடுக்க ஒன்றுமில்லை, கொடுத்த வேகம் அப்படியே இருக்கும் என்று விளக்கினேன். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "தடுக்க ஆள் இல்லாட்டி எதுதான் நிக்கும்? ஆத்து மணல் லாரியப் பாக்கலியா தோழர் நீங்க?"

விழாதா?

கூட்டத்தில் வசந்தா எழுந்து, அது ஏன் கீழே விழவில்லை என்று கேட்டார். விழுந்துகொண்டேதான் இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் போகிற வேகத்தில் தரையைத் தொடாமல் பூமியைச் சுற்றிக்கொண்டே போகிறது என்றேன். யாருக்கும் விளங்கவில்லை. வசந்தாதான் கைகொடுத்தார்: "வருது வருதுங்குறாங்க, தரைக்கு வரல. அறிவிச்ச நிவாரணம் மாதிரின்னு சொல்லுங்க தோழர், எல்லாருக்கும் புரிஞ்சுடும்."

அலுவலகத்தில்

செயற்கைக்கோள் தன் பாதையில்தான் போகும், நமக்காக நிற்காது, அது திரும்பி வருவதற்குள் இவர்கள் தண்ணீரை வடித்துவிட்டார்கள் என்று நிவாரண அதிகாரியிடம் மூச்சுவிடாமல் பேசினேன். துண்டறிக்கையையும் நீட்டினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "நீங்க சொல்ற அறிவியல் எல்லாம் சரிதாங்க ஐயா. ஆனா படத்துல தண்ணி இல்லீங்களே."

அடுத்த மழை

மறுபடியும் பெய்தது. மிஞ்சிய பாதியிலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வசந்தா மண்வெட்டியோடு கரையில் நின்றார், வெட்டவில்லை. "வெட்டும்மா, பயிர் போயிடும்" என்று கத்தினேன். அவர் அண்ணாந்து பார்த்தார். "அது எப்பத் திரும்ப நம்ம மேல வரும்னு சொல்லுங்க தோழர். படம் எடுத்துட்டுப் போகட்டும், அப்புறம் வெட்டுறேன்."

நான் பேசியதை முழுதாகப் புரிந்துகொண்டு ஒருவர் அதன்படி நடந்தது என் பொதுவாழ்வில் இதுதான் முதல் தடவை, அதுவும் ஒரு நல்ல பயிர் அழுகுவதற்கு.