கூட்டி வைத்த வேகம்

பெரம்பலூரில் என் மீட்டர் ரிப்பேர் கடைக்கு அவர் மகனுடைய பைக்கைத் தள்ளிக்கொண்டே வந்தார். சிமெண்ட் லாரி டிரைவர். வெயில் பட்டு வலக்கை மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. வெளியே ஏதாவது பைக் உறுமினால் பேச்சை நிறுத்திவிட்டு, லாரிக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் சட்டென்று வலப்பக்கம் திரும்புவார்.

மகன் செயின் பல்சக்கரத்தை மாற்றியதிலிருந்து, எண்பதில் போனாலும் மீட்டர் அறுபது என்றே காட்டியதாம். நான் சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவே ஒரு சின்ன சர்க்யூட்டைப் பொருத்தினேன். ஓட்டிப் போய், போனில் ஜி.பி.எஸ். காட்டிய வேகத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்து கொண்டுவந்தேன்.

“இன்னும் கூட்டி வைங்க சார். அறுபதுல போனா எண்பதுன்னு காட்டணும்.”

“சரி பண்ணத்தானே கொண்டாந்தீங்க? திரும்பத் தப்பாக்கச் சொல்றீங்களே!”

“அரியலூர் ரோட்டுல என் லாரி டயர ஒட்டித்தான் சார் பசங்க பூந்து போறானுங்க. ஹெல்மெட்ட மாட்டிட்டா எல்லாப் பயலும் எம்மவன் மாதிரியே இருக்கான். காலு தானா பிரேக்குக்குப் போயிடுது.”

“பையன் போன்ல பாத்தா தெரிஞ்சிடுமே?”

“தெரியிற வரைக்கும் உசுரோட இருப்பான்ல?”

சர்க்யூட்டை மறுபடி வெளியே எடுத்தேன். கூட்டி வைத்தேன். அவர் ஏறி ஓட்டவில்லை. வந்ததுபோலவே தள்ளிக்கொண்டு போனார்.

அந்தப் பையனை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் இப்போதெல்லாம் வெளியே பைக் உறுமினால், வேலையை அப்படியே வைத்துவிட்டு, எதிலும் மோதாமல் அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை காத்திருக்கிறேன்.