நுனிப்பிடி

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆவுடையப்பனுக்குக் கதை கட்டத் தெரியாது. முப்பது வருசம் ரம்பம் இழுத்தவன், அவன் கை சொன்னதைத்தான் வாய் சொல்லும். 1983, பங்குனி மாதம், ஒரு புதன்கிழமை. ராத்திரி அல்ல. பட்டப்பகல்.

ஆவுடையப்பனும் காசியும் ஜோடி. ஒரே ரம்பத்தின் இரண்டு முனையில் இரண்டு பேர். ஒருவன் இழுக்கும்போது மற்றவன் விட்டுக் கொடுக்க வேண்டும். தள்ளக் கூடாது. மரத்தடி அறுந்து முடிந்ததும் ஆவுடையப்பன் "விடு" என்பான். அந்தச் சொல் காதில் விழாமல் காசி பிடியை விட்டதே இல்லை. சொல்லாமல் ஒருத்தன் விட்டால் இன்னொருத்தன் கால் போய்விடும். தொழில் அப்படி.

சித்திரையிலிருந்து கை ரம்பம் வேண்டாம், மிஷின் ரம்பம் வைத்திருக்கிறவனுக்குத்தான் வேலை என்று மரவாடி முதலாளி சொல்லிவிட்டார். மிஷினுக்கு ஓர் ஆள் போதும். அப்படியானால் காசி? அதை மட்டும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சங்கரன்கோவிலில் மைதீன் பாயின் பழைய இரும்புக் கொட்டகைக்கு ஒரு மிஷின் வந்திருக்கிறது என்றதும் காசியும் கூடவே பஸ் ஏறினான்.

"நீ எதுக்குடே?" என்று கேட்டான் ஆவுடையப்பன்.

"எனக்கு வரப்போற சக்களத்தி எப்படி இருக்கான்னு பாக்க வேண்டாமா?"

மணி பன்னிரண்டு பத்து. கொட்டகையின் இருட்டு மூலையில் மிஷின் கிடந்தது. மேற்கே மலை எஸ்டேட்டில் ஏலம் எடுத்ததாம். பழைய மாடல். கனத்த எஞ்சின், அதிலிருந்து நாலடிக்கு நீண்ட அலகு, அலகைச் சுற்றிப் பல் வைத்த சங்கிலி. காசி உள்ளே வரவில்லை. வாசலில் குத்தவைத்துப் பீடியைப் பற்றவைத்தான்.

பழைய மிஷின் வாங்குகிறவன் முதலில் புகைபோக்கியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சில்லென்று இருக்க வேண்டும். விற்கிறவன் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் எந்தச் சீக்கு எஞ்சினும் ஒரே இழுப்பில் கிளம்பிவிடும். ஆவுடையப்பனுக்கு அது தெரியும். வாசுதேவநல்லூரில் ஒரு மிஷின்காரனிடம் இரண்டு மாதம் கூலிக்கு நின்றிருக்கிறான்.

தொட்டான்.

சுட்டது.

"பாய், காலைல ஓட்டி வச்சீரோ?"

"இல்லவே. வந்து ஒரு மாசமாச்சு. ஒருத்தனும் தொடல."

"சுடுதே."

"வெயிலுவே."

அந்த மூலையில் வெயில் விழுவதே இல்லை. வியாபாரத் தந்திரம் என்று ஆவுடையப்பன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். பிளக்கைக் கழற்றினான். காப்பிப்பொடி நிறம். நல்லது. கயிற்றை மெதுவாக இழுத்தான். எஞ்சின் இறுக்கமாக எதிர்த்தது. அதுவும் நல்லது. சங்கிலிப் பற்கள் தேயவில்லை. அலகின் நுனியில் மட்டும் இரண்டு போல்ட் ஓட்டைகள். மிஷின் முழுக்கத் துரு. ஓட்டைகளின் விளிம்பு மட்டும் மினுங்கியது... தினமும் யாரோ கை படப் புழங்கினாற்போல.

மைதீன் பாய் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றினார். கொட்டகைக்குப் பின்னால் கிடந்த வாகைத் தடியைக் காட்டினார்.

"தொழுகைக்குப் போயிட்டு வாரேன். நீரே அறுத்துப் பாரும்."

பன்னிரண்டு முப்பத்தைந்து. மிஷினைத் தடியருகே தூக்கிப்போய்க் கயிற்றை இழுத்தான். ஒரே இழுப்பில் கிளம்பியது.

அலகு தடியில் இறங்கியது. தூள் பறந்தது. ஓடுகிற சங்கிலி மிஷினை மரத்தோடு இழுக்கத்தான் செய்யும். அந்த இழுப்பு ஒரே சீராக இருக்கும்.

இது சீராக இல்லை.

இழுத்தது... விட்டது. இழுத்தது... விட்டது.

முப்பது வருசப் பழக்கம். மணிக்கட்டு தானாக இணங்கிப் போனது. அது இழுக்கும்போது இவன் விட்டான். அது விடும்போது இவன் இழுத்தான். காசியோடு அறுப்பது போலவே இருந்தது. நினைக்காமலே வாயில் வந்தது.

"இழுலே."

இழுப்பு பலமானது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சுவிட்சை அணைத்தான். எஞ்சின் நின்றது. பன்னிரண்டு நாற்பது. தெருவில் கரண்ட்டும் போயிருந்தது. ஒரு விசைத்தறிச் சத்தம்கூட இல்லை.

அலகு மட்டும்... இழுத்தது.

விட்டது.

சர்ர்... சர்ர்...

தடிக்கு அந்தப் பக்கம் மூச்சு. ஹும்... ஹும்...

யாரும் இல்லை.

இழுத்தது.

கையை உதறிவிட்டு ஓடினான்.

வாசலில் காசி எழுந்து நின்றிருந்தான். முகம் கறுத்திருந்தது.

"பின்னால எவன்?"

"யாரும் இல்ல."

"யாருட்ட சொல்லுத? எஞ்சின் நின்ன பொறவும் ரெண்டு பேரு இழுத்தீங்க. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? என் எடத்துக்கு ஆளே பிடிச்சிட்டியோ?"

ஆவுடையப்பன் காசியின் கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். தடியின் அந்தப் பக்கம் முழுக்க மரத்தூள் விழுந்து கிடந்தது. நடுவில் இரண்டு இடம் மட்டும் சுத்தமாக, தூள் விழாமல்.

இரண்டு பாதம் அளவுக்கு.



ஒன்று ஐந்துக்கு மைதீன் பாய் வந்தார். "மிஷினு நுனியில இழுக்கு பாய்" என்று மட்டும் சொன்னான் ஆவுடையப்பன்.

"அது ரெண்டாளு மிஷினுல்லா? அந்த ஓட்டையில ஒரு பிடி மாட்டி இன்னொருத்தன் பிடிக்கணும். ஏலத்துல பிடி வரல."

இரண்டு ஆள் மிஷின். அப்படியானால் காசிக்கு இடம் உண்டு. பயத்தைவிட அந்த நினைப்பு பெரிதாக இருந்தது. ஆவுடையப்பன் அன்றைக்கே மிஷினை வாங்கிவிட்டான்.

மூன்றாம் நாள் இருவரும் அந்தப் பிடியைத் தேடி எஸ்டேட்டுக்குப் போனார்கள். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் ஆறுமுகச்சாமி, மிஷினின் அடையாளத்தைக் கேட்டதும் கையிலிருந்த சாவிக்கொத்தைக் கீழே வைத்தார்.

"அந்தப் பிடி கெடைக்காது."

"ஏன் அண்ணாச்சி?"

"ஏழு வருசம் இருக்கும். மரம் தப்பாச் சாஞ்சிட்டு. எஞ்சின் பக்கம் நின்னவன் ஓடிட்டான். நுனியில நின்னவன் விடல. மரத்துக்கு அடியில இருந்து எடுக்கும்போதும் பிடியில இருந்து விரலு பிரியல. ஒடிக்க மனசு வரல. போல்ட்டக் கழத்திப் பிடியோடயே பொதச்சோம்."

"அவன் ஏன் விடல?" என்று காசி கேட்டான். அவனுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டான்.

"எஞ்சின்காரன் விடுன்னு சொன்னாத்தானே விடணும்? சொல்லாமல்லா ஓடிட்டான்."

காசி மெதுவாக ஆவுடையப்பன் பக்கம் திரும்பினான்.

"அன்னைக்கு கொட்டகையில... நீ விடுன்னு சொன்னியா?"

ஆவுடையப்பன் இல்லை என்று தலையசைத்தான்.

வேறு பிழைப்பு இல்லை. கொல்லனிடம் புதுப் பிடி அடித்து மாட்டினார்கள். சித்திரையிலிருந்து மரவாடியில் இருவருக்கும் அதில்தான் வேலை. எஞ்சினில் ஆவுடையப்பன், நுனியில் காசி. தடி முடிந்ததும் ஆவுடையப்பன் எஞ்சினை அணைத்துவிட்டு "விடு" என்பான். காசி கையை எடுத்துவிட்டுத் தள்ளிப்போய் நிற்பான்.

ஆவுடையப்பன் மிஷினைத் தூக்க மாட்டான். இன்னொரு தடவை "விடு" என்பான்.

சில நாள் அதோடு சரி.

சில நாள் மூன்றாவது தடவையும் சொல்ல வேண்டியிருக்கும்.