ஈரலுக்கு எடுத்து வைத்த பாட்டில்

என் தம்பி கப்பலில் வேலை பார்த்தான். சரக்குக் கப்பல் இல்லை. வெள்ளைக்காரர்கள் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிற உல்லாசக் கப்பலில், சாப்பாட்டு மேசைக்கு ஒயின் ஊற்றுகிற வேலை. ஊற்றினால் மட்டும் போதாது, இந்த மீனுக்கு இது, இந்தக் கறிக்கு அது என்று எடுத்துச் சொல்லவும் வேண்டும். அதற்குப் பரீட்சையெல்லாம் எழுதிப் பாஸ் பண்ணியிருந்தான். ஊரில் யாராவது கேட்டால் "ஓட்டல் லைன்" என்று நான் முடித்துக்கொள்வேன். உத்திரமேரூரிலிருந்து பஸ் இறங்கி இன்னும் நடக்க வேண்டிய ஊரில், அதுவும் எங்கள் வீட்டில், அந்த வேலையைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

காரணம் எங்கள் அப்பா. குடித்தே செத்தார். கழனி வரப்பில் விழுந்து கிடந்தவரை நானும் தம்பியும் எத்தனையோ தடவை தூக்கி வந்திருக்கிறோம். நான் தோள் பக்கம், அவன் கால் பக்கம். அவர் போனபோது எனக்குப் பத்தொன்பது, அவனுக்குப் பன்னிரண்டு. இந்த வாசலுக்குள் இனி பாட்டில் வராது என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன். யாரையும் கேட்கவில்லை.

லீவில் வந்தால் தம்பி பாதி நாள் அடுப்படியில்தான் இருப்பான். என் மனைவி குழம்பு கொதிக்க விட்டிருக்கும்போது பக்கத்தில் நின்று முகர்ந்து பார்ப்பான்.

"இன்னா அண்ணி, புளி ஜாஸ்தியா கீது? இதுக்கு செவப்பு ஒத்துக்காது. வெள்ளதான், அதுவும் லேசா தித்திப்பா இருக்கணும்."

"கொழம்பு ஒத்துக்கினா போதுமா? உங்கண்ணன் ஒத்துக்கணுமே" என்பாள் அவள்.

விரால் குழம்பு, கருவாட்டுத் தொக்கு, மொச்சை போட்ட கத்திரிக்காய் என்று எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே ஏதாவது ஒரு பாட்டிலோடு சேர்த்துப் பார்ப்பான். மிளகாய்தான் அவனுக்கு எதிரி. காரம் ஏறினால் சிவப்பு ஒயின் கசந்துபோகுமாம். கடைசியில் ஒரு லீவில் கண்டுபிடித்துவிட்டான். மிளகாயே இல்லாமல், மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு நல்லெண்ணெயில் வறுத்த ஆட்டு ஈரல். அண்ணியின் கைப்பக்குவத்தில் அது ஒன்றுதான் சிவப்புக்கு ஜோடி என்றான்.

அடுத்த லீவில் ஒரு பாட்டிலோடு வந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஈரல் வாங்கி வந்ததும் அவன்தான். இலை போட்டு, என் இலைக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் அவன் இலைக்குப் பக்கத்தில் ஒன்றும் வைத்தான்.

"ஒரே ஒரு வாய்ணா. ஈரல மென்னுட்டு, மேல ஒரு வாய். நான் இன்னா வேல பண்ணிக்கினு கீறேன்னு உனக்குத் தெரியணும். அவ்ளோதான்."

"நைனாவும் ஒரு வாயிலதான் ஆரம்பிச்சாரு" என்றேன்.

"நைனா சோறு துன்னாம குடிச்சாருணா. இது சோத்தோட."

பாட்டிலின் கழுத்தில் கை வைத்தான். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். பந்தியோ வீடோ, உட்கார்ந்தவன் சோற்றில் கை வைக்காமல் எழுந்துவிட்டால், எங்கள் பக்கத்தில் அது அடித்ததைவிடப் பெரிய அவமானம். தெரிந்தேதான் செய்தேன்.

அவன் பாட்டிலைத் திறக்கவில்லை. "அண்ணன் மனசு மாறட்டும். படுக்க வெச்சி வை அண்ணி, தக்க காயாம, சூடு படாம" என்று அவளிடம் கொடுத்துவிட்டு, ஆறிப்போன ஈரலைத் தனியாகச் சாப்பிட்டான். பாட்டில் வருகிறவன் போகிறவன் கண்ணில் படக்கூடாதென்று நான் அதை வாங்கி, அடுப்புக்கு நேர் மேலே இருக்கிற பரணில், புளிப்பானைக்குப் பின்னால் நிறுத்தி வைத்தேன். மேலே சிமெண்ட் ஷீட், கீழே விறகடுப்பு. அவன் சொன்னது என் காதில் விழாமல் இல்லை. பாட்டிலுக்குப் படுக்கை கேட்கிறானா என்று எரிச்சல்.

அதன் பிறகு இரண்டு லீவுக்கு வந்தான். பாட்டில் கொண்டு வரவில்லை. அடுப்படிப் பக்கமும் போகவில்லை. போட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான். பையன் வழிக்கு வந்துவிட்டான் என்று நான் சந்தோஷப்பட்டேன். என்னிடம் பேச அவன் வைத்திருந்த ஒரே விஷயத்தை நான் பிடுங்கிக்கொண்டேன் என்பது இப்போதுதான் புரிகிறது. புரிந்து என்ன பிரயோஜனம்.

போன ஆடியில், கப்பலிலேயே மாரடைப்பு. பெட்டியில் வந்தான். கல்யாணம்கூட ஆகவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் அனுப்பிய ஒரு போட்டோவில்தான் முகம் தெளிவாக இருந்தது. கறுப்புக் கோட்டு போட்டு, கையில் ஒயின் கிளாஸைப் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறான். உத்திரமேரூர் ஸ்டுடியோவில் பெரிதாக்கக் கொடுத்தபோது, கிளாஸை எடுத்துவிடச் சொன்னேன். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. எடுத்துக் கொடுத்தார்கள். போட்டோவில் அவன் விரல்கள் ஒன்றுமில்லாததைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

காரியத்துக்கு முந்தின நாள் படையல். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துக் கும்பிடுவோம். குடித்தவராக இருந்தால் பாட்டிலும் வைப்பார்கள். கும்பிட்ட பிறகு படைத்ததைக் கொட்டக்கூடாது, வீட்டில் மூத்தவன் முதலில் வாயில் வைக்க வேண்டும். அப்பாவுக்குப் படைத்தபோது பாட்டில் வைக்க நான் விடவே இல்லை.

காவாந்தண்டலத்திலிருந்து வந்த சித்தப்பா ஒரு குவார்ட்டர் பிராந்தியை மடியிலிருந்து எடுத்தார். "கப்பல்காரன், குடிக்காமயா இருந்திருப்பான்?" என்றார். என் மனைவி ஸ்டூல் போட்டுப் பரணில் கைவிட்டாள். கரி படிந்த பாட்டிலை முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தாள். காலையிலேயே ஈரல் வறுத்து வைத்திருந்தாள், மிளகாய் போடாமல்.

தக்கை போட்ட பாட்டில். திறக்கிற சாமான், கப்பலிலிருந்து அனுப்பிய அவன் துணிப்பெட்டியில் இருந்திருக்கும். அந்தப் பெட்டியைத் திறக்க எங்களுக்கு இன்னும் மனசு வரவில்லை. கரண்டிக் காம்பால் தக்கையைக் குத்தி உள்ளே தள்ளினேன். பொடிப்பொடியாக உதிர்ந்து விழுந்தது. "சோடா ஊத்தலாமா?" என்று சித்தப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். டம்ளரில் ஊற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்து, கற்பூரம் காட்டிக் கும்பிட்டோம்.

பிறகு நான் உட்கார்ந்தேன். ஈரல் ஒரு துண்டை மென்று, மேலே ஒரு வாய் குடித்தேன். புளித்தது. பல் கூசுகிற புளிப்பு. சித்தப்பாவும் ஒரு வாய் எடுத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"எப்பிடி கீது?" என்று கேட்டாள் என் மனைவி.

மூன்று கோடை அடுப்புச் சூட்டில் நிறுத்தி வைத்து நான்தான் கெடுத்துவிட்டேனா, இல்லை ஒயின் என்றாலே இப்படித்தான் இருக்குமா? முன்னால் ஒரு வாயாவது குடித்திருந்தால் தெரிந்திருக்கும். முகர்ந்து பார்த்தே சொல்லிவிடக்கூடியவன் இந்த வீட்டில் ஒருத்தன் இருந்தான். அழுகை வந்தது, அடக்கவில்லை. தக்கைத் தூளோடு டம்ளரில் இருந்த மிச்சத்தையும் குடித்தேன்.

"ஈரலுக்கு நல்லாத்தான்டா கீது" என்று போட்டோவைப் பார்த்துச் சொன்னேன்.