மூன்றாவது உருண்டை

வெட்டவெளியில் மூன்று கல்லைக் கூட்டிச் சமைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஏழு மாதம் அப்படிச் சமைத்தவன் நான். காற்று வருகிற பக்கம் பெரிய கல்லை வைக்க வேண்டும். சட்டியின் அடியில் ஈர மண்ணைப் பூசிவிட்டால் கரி பிடிக்காது. பச்சை விறகை வைத்துக்கொண்டு ஊதி ஊதிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. இவ்வளவுதான். பரிமாறுவதில்தான் எனக்கு ஒன்று தெரியாமல் போயிற்று. அதனால் என் பக்கத்தில் படுத்த மனிதர் ஏழு மாதம் அரைவயிற்றோடு படுத்தார்.

மாநிலம் பிரித்த மறு வருஷம் அது. ஓசூருக்கு மேற்கே மைசூர் எல்லையை ஒட்டி அளந்து கல் நடும் வேலை. சர்வேயர் முசாபரி பங்களாவில் தங்குவார். செயின்மேன்கள் இரண்டு பேர், நானும் அந்த மனிதரும், காட்டோரத்தில் கூடாரம் அடித்துக்கொள்வோம். சங்கிலியின் ஒரு முனை என் கையில், மறுமுனை அவர் கையில். எனக்கு இருபத்திரண்டு வயது. அவருக்கு முப்பதைத் தாண்டியிருக்கும். பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள், மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவர் ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அந்த இடத்தை அளந்ததும் நாங்கள்தான். "நம்ம ஊட்ட நாமளே தள்ளி வுட்டுட்டோம் தம்பி" என்று சிரித்தார்.

வீட்டில் அவர் பேச்சு கன்னடம். சந்தையில் தெலுங்கு. என்னோடு தமிழ். நான் ஆறு வயதிலிருந்து மிஷன் போர்டிங்கில் வளர்ந்தவன். அங்கே சாப்பாட்டு வரிசையில் "போதும்" என்று வாயைத் திறந்தால் கரண்டி அடுத்த தட்டுக்குப் போய்விடும். பிறகு திரும்பி வராது. பசிக்கிறவன் வாயை மூடிக்கொண்டு தட்டை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த பந்தி மரியாதை அதுதான்.

தண்ணீரும் விறகும் அவர் பொறுப்பு, பாத்திரம் கழுவுவதும் அவர்தான். சமையலும் கரண்டியும் என் பொறுப்பு. முதல் நாள் சாயங்காலம் ராகிக் களி கிண்டினேன். ஒரு பிடி நொய்யை வேகவிட்டு, மாவைக் குவித்துக் கொட்டி, நடுவில் குச்சியால் குழி பறித்துக் கொதிக்கவிட்டு, துடுப்பால் கிளறி இறக்கினால் ஆயிற்று. எங்கள் சட்டிக்கு மூன்று உருண்டை வரும். ஆளுக்கு ஒன்று போட்டேன். அவர் தின்று முடித்ததும் மூன்றாவதை எடுத்துக்கொண்டு அவர் பக்கம் போனேன். தட்டின் மேல் கையை விரித்து, "சாக்கு, சாக்கு" என்றார். முளைக்குச்சி கட்டி வைக்கும் கோணியைக் கேட்கிறார் என்று நினைத்து எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அவருக்குப் புரை ஏறிவிட்டது. "எங்க பேச்சுல சாக்குன்னா போதும்னு அர்த்தம் தம்பி" என்றார். சரி என்று அந்த உருண்டையை நான் போட்டுக்கொண்டேன். மறுநாளும் சாக்கு என்றார். மறுநாளும் நானே தின்றேன்.

அப்படியே பழகிவிட்டது. களிக்குத் தொட்டுக்கொள்ளக் கொள்ளுக் கடைசல் செய்வேன். கொள்ளை வேகவைத்து, காய்ந்த மிளகாயைத் தணலில் சுட்டுப் போட்டு, பூண்டும் புளியும் உப்பும் சேர்த்து மசித்தால் வாசனை நாலு காடு தாண்டிப் போகும். கத்தரிக்காய் கிடைத்தால் சுட்டுத் தோலுரித்து, பச்சை வெங்காயம் நறுக்கிப் பிசைவேன். அவரைப் பருவத்தில் பிதுக்கிய பருப்பில் குழம்பு. எல்லாவற்றையும் ருசித்துத்தான் சாப்பிட்டார். விரலை நக்குவார். ஆனால் இரண்டாம் தடவை கரண்டி போனால் கை விரிந்துவிடும், சாக்கு.

இனிப்புக்கு வேறு வழி வைத்திருந்தேன். சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சாம்பலில் புதைத்துவிட்டால் நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் வெந்துவிடும். இரண்டாக உடைத்து, ஆளுக்குப் பாதி, ஒரு துண்டு வெல்லம். கிழங்கில் தோல்கூட மிச்சம் வைக்க மாட்டார். சுட்ட வேர்க்கடலை, சுட்ட சோளக்கதிர், எல்லாம் அப்படித்தான். சட்டிச் சோறு என்றால் ஒரு உருண்டை. நெருப்பில் சுட்டது என்றால் கடைசித் துணுக்கு வரை.

இதை நான் கவனித்தேன். கவனித்தவன் நேராகக் கேட்டிருக்கலாம். எனக்குத்தான் குணம் அப்படி இல்லையே. நானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். நான் கிறிஸ்தவன், அவர் நிலம் வைத்திருக்கிற குடும்பத்துக்காரர். என் கைத் தண்ணீரில் வெந்ததை உயிர் தரிக்க ஒரு உருண்டை தின்கிறார், தோலுக்குள் வெந்ததில் தீட்டில்லை என்று வயிறார அதைத் தின்கிறார். எல்லாம் பொருந்தி வந்தது. சின்ன வயதில் இரண்டு வீட்டு வாசலில் எனக்குத் தனித் தம்ளர் வைத்திருந்தார்கள். அந்தக் கோபம் உள்ளே கிடந்தது. அதை எடுத்து இவர் தலையில் வைத்தேன்.

ஒரு நாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன். "ஏண்ணே, வேதக்காரன் கைச்சோறு ஒரு உருண்டைக்கு மேல எறங்காதா?"

அவர் முகம் சுண்டிப் போயிற்று. "அய்யோ, அதெல்லாம் இல்ல தம்பி. உங்க கையில ருசி நல்லாத்தான் இருக்குது" என்றார்.

"அப்ப இன்னொண்ணு வெக்கட்டுமா?"

"சாக்கு" என்றார், இன்னும் மெதுவாக. பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து நான் இரண்டாம் தடவை கேட்பதே இல்லை. கரண்டியை நீட்டுவதுபோல் நீட்டி இழுத்துக்கொள்வேன். சில நாள் அவர் சாக்கு என்று சொல்லி முடிக்கும் முன்பே மூன்றாவது உருண்டை என் தட்டில் இருக்கும். அவர் அதைப் பார்ப்பார், பிறகு எழுந்து பாத்திரத்தைச் சேர்த்துக் கழுவப் போய்விடுவார்.

சர்வேயர் ஒரு நாள் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "ஒரே அடுப்புதானே? ஒருத்தன் ஊதிக்கிட்டே போறான், ஒருத்தன் வத்திக்கிட்டே போறான்" என்றார். நான் சிரித்தேன். அண்ணனும் சிரித்தார். சட்டை அவர் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆடி முதல் நாள் வந்தது. எங்கள் தருமபுரிப் பக்கத்தில் அன்று தேங்காய் சுடுவார்கள். மதம் எதுவானாலும் சின்னப் பிள்ளைகள் தெருவில் நெருப்பைச் சுற்றி நிற்பார்கள், நானும் போர்டிங் லீவில் நின்றிருக்கிறேன். அன்றைக்கு ஒரு தேங்காய் வாங்கி வந்தேன். மட்டையைச் சுத்தமாக உரித்து ஓட்டை உரசி, கண்ணைத் துளைத்துத் தண்ணீரைத் தம்ளரில் பிடித்துக்கொண்டேன். உள்ளே பொட்டுக்கடலை, எள், அவல், வெல்லத்தூள் திணித்து, தண்ணீரில் பாதியைத் திரும்ப ஊற்றி, சீவிய குச்சியைக் கண்ணில் அடித்து இறுக்கினேன். குச்சியைப் பிடித்துக்கொண்டு தணலின் மேல் திருப்பித் திருப்பிக் காட்டினேன். ஓடு கறுத்து விரிசல் விடும்போது வெல்லம் கசிந்து நெருப்பில் விழுந்து புகையும். அதுதான் பக்குவம். உடைத்து ஆளுக்குப் பாதி வைத்தேன். அவர் பூரணத்தை எடுத்துத் தின்றார், வெந்த தேங்காய்ப் பருப்பைப் பெயர்த்துத் தின்றார், பிறகு பேனாக்கத்தியால் ஓட்டைச் சுரண்டினார். வெகுநேரம் சுரண்டினார். அது பசி என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு வாரம் மழை பிடித்துக்கொண்டது. கூடாரம் நனைந்து, விறகு நனைந்து, அடுப்பு பற்றவில்லை. பொரியும் வெல்லமும் தின்று நாளைத் தள்ளினோம். அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. கம்பளிக்குள் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்கும். சர்வேயர் ஒரு கட்டைவண்டி பிடித்துக் கொடுத்தார். ஓசூர் ஆஸ்பத்திரியில் சேர்த்து நான் கூட இருந்தேன். கஞ்சியை நான்தான் ஊட்டினேன். மூன்று வாய் குடித்துவிட்டு "சாக்கு" என்றார். நான் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

நாலாம் நாள் போய்விட்டார். டாக்டர் நல்ல மனிதர், தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். "மலேரியாதான். ஆனா தாங்கறதுக்கு உடம்புல ஒண்ணுமே இல்லையேப்பா" என்று என்னிடம் சொன்னார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஒரு மாதம் கழித்து அவருடைய தகரப் பெட்டியையும் கம்பளியையும் கொடுக்க ஊருக்குப் போனேன். நாங்கள் நட்ட கல்லைத் தாண்டி அரை மைல். அவர் மனைவி பெட்டியைத் திறக்காமல் வாங்கி உள்ளே வைத்தார். சாப்பிடாமல் போகக் கூடாது என்று தமிழிலேயே சொல்லி உட்காரவைத்தார். களியும் அவரைக்காய்ச் சாறும். ஒரு உருண்டை தின்று முடித்ததும் இன்னொன்றோடு வந்தார். துக்க வீட்டில் எப்படி வாங்கித் தின்பது என்று கையை விரித்து, "போதும் அண்ணி" என்றேன். என் கையை ஒதுக்கிவிட்டு உருண்டையைப் போட்டார்.

"போதும்னு சொன்னேனே" என்றேன்.

"மொதல் தடவ எல்லாருந்தான் சொல்வாங்க. கேட்டு வாங்கித் தின்னா மானம் போயிரும் இல்லீங்களா? எங்க பக்கம் மொதல்ல சாக்குன்னு சொல்றது மரியாதிக்கு. சொன்னாலும் போட்டுறோணும். மறுக்கா கையப் புடிச்சுச் சொன்னாத்தான் நிறுத்தறது" என்றார். பிறகு, "உங்களுக்கு இது தெரியுமே" என்றார்.

"எப்படி அண்ணி?" என்றேன்.

"அவரு ஊருக்கு வர்றப்ப எல்லாம் சொல்வாரே. எளைச்சுட்டீங்களேன்னு நான் கேப்பேன். வேல கஷ்டம், சோத்துக்குக் கொறையில்ல, அந்தத் தம்பி வுடவே மாட்டான், நான் சாக்கு சாக்குன்னாலும் கையத் தள்ளிட்டுப் போடுவான்னு சொல்வாரு. தேங்கா சுட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்கான்னு போன தடவகூட சொன்னாரு."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். எனக்கு அந்த வழக்கம் தெரியாது அண்ணி, நான் ஒரு நாளும் போடவில்லை, நானே தின்றேன் என்று. பிள்ளைகள் இரண்டும் கதவோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. அண்ணி கை கூப்பினார். "எங்கயோ காட்டுல கெடந்தாலும் வயிறு வாடாம பாத்துக்கிட்டீங்க. அத நெனச்சுத்தான் மனச ஆத்திக்கறேன்" என்றார்.

"ஆமா அண்ணி, நல்லாச் சாப்பிட்டாரு" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு இன்னும் கொஞ்சம் சாறு ஊற்றினார்.