விரக்திக்கு ஒரு தார்ப்பாய்

போன வாரம் மரக்காணத்தில் என் நாடகத்துக்கு ஒத்திகை. மேடையில் ரெண்டே ரெண்டு பேர். ஒருவர் கடவுளை நம்புகிறவர். இன்னொருவர், எல்லாம் வீண், மேலே ஒருத்தரும் இல்லை என்று விரக்தியில் இருப்பவர். ஒரு மணி நேரமும் பேச்சு, பேச்சு, பேச்சுதான். தத்துவ நாடகம் என்றால் சும்மாவா?

ஆடித் திருவிழாவில் போடுவதாக ஏற்பாடு. அம்மன் கோயில் வாசலில் சாமி இல்லை என்று ஒருத்தர் பேசலாமா என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் பாட்டுக் கச்சேரி உண்டா என்றுதான் கேட்டார்கள்.

விரக்திக்காரராக நடிப்பவர் ஏழுமலை. உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். நிஜத்தில், நெற்றியில் திருநீறு இல்லாமல் டீகூடக் குடிக்க மாட்டார். நம்பிக்கைக்காரராக நடிப்பவர் அவருடைய சிநேகிதர், பெருமுக்கல் ஊர்க்காரர் தனசேகர். விவசாயி. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைக்க நிலத்தை உழுதுவிட்டு மழைக்குக் காத்திருக்கிறார். வாயைத் திறந்தால், "எங்கங்க விளங்கப் போவுது?" தான். வேஷத்தை மாற்றிக் கொடுத்துவிட்டேனோ? சேச்சே... அதுதானே நடிப்பு!

ஒத்திகை, ஏழுமலையின் உப்பளத்துக் கொட்டகையில், சாயங்காலம். அந்த வாரம் வாரிய உப்பு முழுக்க வெளியே வரப்பில் குவியல் குவியலாகக் கிடந்தது. ஒத்திகை முடிந்ததும் மூடிக்கொள்ளலாம் என்று தார்ப்பாய் ஓரமாகச் சுருண்டிருந்தது.

ஏழுமலை உச்சக்கட்ட வசனத்துக்கு வந்தார். கையை வானத்தை நோக்கி உயர்த்தி, "மேலே யாருமே இல்லை! வெறும் மௌனம்!" என்று முழங்கினார். நான் கண் விழித்து எழுதிய வரி.

வானம் இடித்தது.

உயர்ந்த கை அப்படியே கும்பிட்டது. "ஆத்தா... இன்னிக்கு மட்டும் வேணாம் தாயே! உப்பு பூரா வெளியில கெடக்குது!"

தனசேகர் வெளியே எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. அவரும் கும்பிட்டார். "பேயட்டும் தாயே! நல்லா எறங்கட்டும்!"

"யோவ், என் உப்பு கரைஞ்சிடும்யா!"

"என் நெலம் காயுதுய்யா!"

ஒரே அம்மன். ரெண்டு வேண்டுதல், நேர் எதிராக. இவ்வளவு சிக்கலான கேள்வி என் நாடகத்தில் ஒரு பக்கத்தில்கூட இல்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

ஆனால் தார்ப்பாயின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடியவர் தனசேகர்தான். "பேயட்டும், பேயட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டே மூடினார். நானும் உதவ ஓடி, வரப்பில் வழுக்கி, உப்புப் பாத்தியில் உட்கார்ந்தேன்.

பாதி மூடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரந்தான். மூடாத குவியலெல்லாம் கரைந்து போயிற்று. பாவம், மனுஷன் ஒரு வாரமாக வெயிலில் வெந்து வாரியது.

தனசேகர் ஊருக்குப் போன் போட்டார். அங்கே ஒரு சொட்டு இல்லையாம்.

"மேல எவனும் இல்ல சார். எல்லாம் வீண்" என்றார் நம்பிக்கைக்காரர்.

"பாதியாவது காப்பாத்திக் குடுத்தாளே... நல்லா வெயில் அடிச்சா திரும்ப வெளைஞ்சிடும்யா" என்றார் விரக்திக்காரர், ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே.

எனக்கு ஞானோதயம். "பேசாமல் ரெண்டு பேரும் வேஷத்தை மாத்திக்கலாமா?"

ஏழுமலை பதறிவிட்டார். "ஐயோ, வேணாம் சார்! சாமி இல்லன்னு நான் சொன்னா, நடிக்கிறேன்னு ஆத்தாளுக்குத் தெரியும். இவன் சொன்னா நெஜம்னு எடுத்துக்குவா."

தனசேகர் வானத்தை ஒரு பார்வை பார்த்தார். "ஆமா சார்... மழை வேற வரணும். எதுக்கு வம்பு?"