வெள்ளிக்கு வெள்ளி மாறிய வடக்கு

1. அண்ணன் கட்டிய, இரண்டு பேர் உட்காரும் விமானத்தில் திசைகாட்டி தப்பாகக் காட்டியது.
2. விமானத்துக்குள் வயரிங் செய்தவள் நான். அதனால் தப்பு என்னுடையது என்று முடிவானது.
3. மூன்று சனிக்கிழமைகள் சோதித்தேன். மூன்றிலும் மூன்று விதமான தப்பு.
4. நான்காம் வாரம் என் வயர்களை வெட்டி எடுத்தார்கள்.
5. ஐந்தாம் வாரம் காரணம் தெரிந்தது. வயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்த ஐந்து வரிகளைப் பலமுறை எழுதிப் பார்த்திருக்கிறேன். எப்படி எழுதினாலும் ஐந்தாவதை நான்காவதற்கு முன்னால் கொண்டுவர முடியவில்லை.

மரக்காணத்தில் எங்கள் உப்பளத்தின் ஓரம், சாக்கு அடுக்கும் கொட்டகையில்தான் அண்ணன் அந்த விமானத்தைக் கட்டினான். பிளைவுட் உடம்பு, மேலே துணி. நான் புதுச்சேரியில் ஒரு தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கிற வேலையில் இருக்கிறேன். ஐந்து நாள் அங்கே. சனி, ஞாயிறு கொட்டகையில். "வயரிங் உன்னுது. மொதல்ல பறக்கறப்போ பக்கத்து சீட்டும் உன்னுது" என்று அண்ணன் சொல்லியிருந்தான். இரண்டு வருடச் சனி, ஞாயிறுகளை அந்த ஒரு சீட்டுக்காகத்தான் கொடுத்தேன்.

திசைகாட்டிக்குப் பக்கத்தில் இரும்போ காந்தமோ இருந்தால் முள் விலகும். மின்சாரம் ஓடும் வயரும் கொஞ்சம் இழுக்கும். அதனால் வயர்களை இரண்டிரண்டாக முறுக்கித்தான் கொண்டுபோயிருந்தேன். அருகில் பித்தளைத் திருகாணிகள் மட்டும். கொட்டகைக் கதவில் ஒரு பட்டியலும் ஒட்டினேன்: விமானத்துக்குள் கொண்டுபோகக் கூடாதவை. நான்காவது, காந்தம். அண்ணன் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "இன்னா இது, ஸ்கூல் நோட்டீஸ் போர்டா?" என்றான்.

உப்பு வாரி முடித்த களத்தில் காவிப்பொடியால் வட்டம் போட்டுப் பன்னிரண்டு திசைகளுக்குக் கோடு இழுத்தேன். வெள்ளைப் பொடி அந்தத் தரையில் தெரியாது. அளத்தில் வேலை செய்யும் நான்கு பெண்கள் விமானத்தின் வாலைத் தூக்கி ஒவ்வொரு கோட்டுக்கும் திருப்பினார்கள். "தேர் இழுத்தாலாச்சும் பிரசாதம் குடுப்பாங்க" என்றாள் ஒருத்தி. நான் உள்ளே உட்கார்ந்து திசைகாட்டி காட்டிய எண்களை எழுதினேன். முதல் சனி, கிழக்குக் கோட்டில் இருபது டிகிரி அதிகம். ஞாயிறும் அதே. அடுத்த சனி, அதே கோட்டில் பதினைந்து குறைவு. ஞாயிறும் அதே. மூன்றாம் சனி வேறொன்று.

அன்று பேட்டரியையே கழற்றித் தரையில் வைத்தேன். தப்பு அப்படியே இருந்தது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாரு, கரண்டே இல்ல. வயர் எப்படி இழுக்கும்?"

"அப்போ வாரா வாரம் ஏன் மாறுது? நீ வந்து கை வெச்சா மாறுது, அவ்ளோதான்."

"நான் இல்லாதப்போ யாராச்சும் உள்ள ஏறுறாங்களா?"

"யாரு ஏறப் போறாங்க?" என்றான். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

முதல் பறப்புக்கு வர ஒப்புக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற விமானியிடம் அவன் போனில் பேசியதும் என் காதில் விழுந்தது. "தங்கச்சி வயரிங்ல ஏதோ கோளாறுங்க சார். வேற ஆளை வெச்சுப் பாத்துக்கறேன்."

பெரிய முதலியார்சாவடியிலிருந்து ஒரு எலக்ட்ரீசியன் வந்தார். அடுத்த சனிக்கிழமை நான் போனபோது என் வயர்கள், ஒவ்வொன்றிலும் நான் எழுதிக் கட்டிய எண் சீட்டோடு, ஒரு உப்புச் சாக்கில் கிடந்தன.

ஐந்தாம் வாரம், புது வயரிங் முடிகிற நாளில், யாரிடமும் சொல்லாமல் லீவு போட்டுப் போனேன். வெள்ளிக்கிழமை. அம்மா கையில் பூவோடு விமானத்துக்குள் பாதி குனிந்து நின்றிருந்தாள். திசைகாட்டிக்குக் கீழே, வரைபடம் வைக்க என்று அண்ணன் கடைசியாகச் செய்த ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதில் வயர் போகாது என்பதால் நான் திறந்து பார்த்ததே இல்லை. அம்மா அதைத் திறந்து எதையோ பிடித்து இழுத்தாள். டக்கென்று ஒரு சத்தம். காந்தம் இரும்பை விட்டு வரும் சத்தம் எனக்குத் தெரியும்.

கார்களில் முன்பக்கம் ஒட்டி வைப்பார்களே, அந்த மாதிரிச் சின்ன அம்மன். அடியில் காந்தம். பிளைவுட்டில் ஒட்டாது என்பதால் அண்ணன் பெட்டிக்குள் ஓர் இரும்புத் தகட்டையும் திருகி வைத்திருந்தான். அம்மா வெள்ளிதோறும் அம்மனை எடுத்துத் துடைத்து, பொட்டு வைத்து, கைக்கு வந்தபடி மறுபடி ஒட்டியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் காந்தம் வேறு பக்கம் பார்த்திருக்கிறது.

"எனக்கு ஏம்மா சொல்லல?"

"உங்கண்ணன்தான் சொல்லாதேன்னான். நீ பாத்தா எடுக்கச் சொல்லுவியாமே."

சத்தம் கேட்டு அண்ணன் வந்தான். "சாமியைக்கூடவா லிஸ்ட்டுல போடுவே?"

"காந்தம்னு போட்டிருந்தேன். நீதான் படிச்சே."

"சரி, இப்போ இன்னா? தெரிஞ்சிடுச்சில்ல, விடு."

"சாருக்கு போன் பண்ணு. கோளாறு வயரிங்ல இல்லன்னு சொல்லு."

"மறுபடி போன் பண்ணி சாமியாலன்னு சொன்னா சிரிப்பாரு. ஆனது ஆயிடுச்சு."

தகட்டைக் கழற்றினேன். அம்மனின் அடியிலிருந்து காந்தத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டு, அம்மனை இருபக்க டேப்பால் அதே பெட்டியில் ஒட்டினேன். பத்து நிமிடம் ஆனது. அம்மா கையிலிருந்த பூவை அம்மனுக்கு வைத்தாள். அவளுக்கு அம்மன் இருந்தால் போதும். காந்தம் வேண்டும் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. முதல் வாரமே சொல்லியிருந்தால் முதல் வாரமே அந்தப் பத்து நிமிடம்தான்.

இப்போது திசைகாட்டி பன்னிரண்டு கோடுகளிலும் மூன்று டிகிரிக்குள் காட்டுகிறது. எந்தத் திசையில் எவ்வளவு விலகல் என்று எழுதிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் திருத்தச் சீட்டில் எலக்ட்ரீசியனின் கையெழுத்து இருக்கிறது. எண்கள், காந்தத்தை எடுத்த பிறகு நான் மறுபடி சோதித்து என் நோட்டில் எழுதியவை. விமானிக்கு இன்னும் யாரும் போன் செய்யவில்லை. பக்கத்து சீட்டு எனக்குத்தான் என்று அண்ணன் இன்றும் சொல்கிறான். நான் சனிக்கிழமைகளில் மரக்காணம் போவதில்லை.